மூன்றாம் மணியா, ஆறு மணியா? ஞான அர்த்தம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

கோலும்_தடியும்:
மாற்கு 15:25-ன்படி இயேசுவைச் சிலுவையில் அறைந்தது மூன்றாம்மணி வேளை. யோவான் 19:14-லோ ஏறக்குறைய ஆறுமணி நேரம், பிலாத்து இன்னும் "இதோ, உங்கள் ராஜா" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறான். தீர்ப்பே ஆகவில்லை. "யோவான் ஞான அர்த்தமாக எழுதுகிறார், அங்கே நேரம் பார்க்கக் கூடாது" என்று ஒரு பிரசங்கக் குறிப்பு இதை முடித்துவிடுகிறது. எனக்கு இரண்டு கேள்வி. ஞான அர்த்தம், அதாவது அடையாளப் பொருள், என்றால் எதற்கு? ஆறு என்ற எண்ணுக்கா, பஸ்கா பண்டிகைக்கா? அடுத்து, இந்த ஒரு சாவியை வைத்து மற்ற பூட்டுகளையும் திறக்கலாமா? தடி எடு, எடுக்காதே, இரண்டு வம்சவரலாறு, நாளாகமத்து எண்ணிக்கைகள்... வசனத்தோடு சொல்லுங்கள். "விசுவாசித்தால் போதும்", "எல்லாம் கட்டுக்கதை" இரண்டும் வேண்டாம்.

பெரோயா_17:
முதலில் கடிகாரத்தைச் சரிசெய்வோம். பழைய மொழிபெயர்ப்பில் "ஆறுமணி நேரம்" என்று படித்ததும் நமக்கு விடியற்காலைதான் நினைவுக்கு வரும். அது தப்பு. பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை எண்ணுகிறோமே, அதே மாதிரிதான் அங்கேயும்: பொழுது விடிவது முதல் அடைவது வரை பன்னிரண்டு பங்கு. மூன்றாம் மணி என்றால் விடிந்து ஏழரை நாழிகை, காலை 9 வாக்கில். ஆறாம் மணி 15 நாழிகை, உச்சி. ஒன்பதாம் மணி பிற்பகல் 3. அப்போஸ்தலர் 2:15-ல் மொழிபெயர்ப்பாளர்கள் "பொழுதுவிடிந்து மூன்றாம்மணி வேளை" என்று விளக்கமாகவே போட்டார்கள். யோவானில் அப்படிப் போடவில்லை. திருவிவிலியத்தில் "காலை மணி ஒன்பது" என்றும் "நண்பகல்" என்றும் இருப்பதால் கத்தோலிக்க வாசகருக்கு இந்த மூன்று மணி நேர இடைவெளி முதல் வாசிப்பிலேயே தட்டுப்படும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு முரண் இருப்பதே தெரியாது.

எலிம்_வாசல்:
சகோ, இதற்கு எளிய பதில் உண்டு. யோவான் ரோமர் கணக்குப்படி நள்ளிரவிலிருந்து எண்ணுகிறார். ஆறு மணி என்றால் காலை 6. ஆறு மணிக்குத் தீர்ப்பு, ஒன்பது மணிக்குச் சிலுவை. ஞான அர்த்தமே தேவையில்லை.

ஓரக்குறிப்பு:
எலிம் சகோ, இது பல ஆய்வு வேதாகமங்களின் அடிக்குறிப்பில் இருப்பதுதான். ஆனால் நிற்காது. ரோமர்கள் சட்டக் காரியங்களுக்கு நாளின் தேதியை நள்ளிரவிலிருந்து தொடங்கினார்கள் என்பது உண்மை. மணியை எண்ணியது சூரியோதயத்திலிருந்துதான். ரோமச் சூரியக் கடிகாரங்களில் உச்சிப்பொழுதுக்குத்தான் ஆறு.

யோவானுக்குள்ளேயே பாருங்கள். 11:9-ல் "பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம்" என்ற கணக்கு இயேசுவின் வாயிலேயே வருகிறது. 4:6-ல் பிரயாணக் களைப்போடு கிணற்றருகே உட்கார்ந்ததும் ஆறாம் மணி. உச்சி வெயில் என்றால் பொருந்துகிறது. அதோடு 18:28-ல் அவரைப் பிலாத்துவிடம் கொண்டுபோனபோதே விடியற்காலம். அதற்குப் பிறகு பிலாத்து வெளியே வருவது, உள்ளே போவது, பரபாஸ் பேச்சு, வாரடி, முள்முடி, மறுபடி விசாரணை. அத்தனையும் முடிந்து காலை 6 ஆக வேண்டும்! லூக்கா சொல்கிற ஏரோது அரமனைக்குப் போய்வந்த நேரத்தையும் சேர்த்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு பழைய பதிலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் எண்களை எழுத்தால் எழுதும்போது 3-க்குக் காமா, 6-க்கு அதைப் போலவே தோன்றும் ஒரு பழைய எழுத்து; எழுதினவர் கை தவறியது என்பார்கள். சில கையெழுத்துப்படிகளில் யோவானில் "மூன்றாம்" என்றும், வேறு சிலவற்றில் மாற்கில் "ஆறாம்" என்றும் இருப்பது மெய்தான். திருத்தம் இரண்டு திசையிலும் நடந்திருக்கிறது, கவனியுங்கள். முரணைக் கண்ட எழுத்தர்கள் ஆளுக்கொரு பக்கம் சமன் செய்திருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் கைக்கு வந்த மூலத்திலேயே முரண் இருந்தது என்று ஆகிறது.

எலிம்_வாசல்:
11:9-ஐ நான் யோசிக்கவில்லை. சரி, ரோமக் கணக்கை விட்டுவிடுகிறேன். "ஏறக்குறைய" என்று இருக்கிறதே? பத்தரை மணிக்கு நடந்ததை ஒருவர் மூன்றாம் மணி என்றும் ஒருவர் ஆறுக்குக் கிட்ட என்றும் சொல்லலாம் அல்லவா?

ஓரக்குறிப்பு:
தாராளமாகச் சொல்லலாம். பகலை நான்கு கால் பங்காகப் பேசும் வழக்கத்தில் "மூன்றாம் மணி" ஒன்பதிலிருந்து உச்சி வரை நீளும். நேர்ப்பொருள் பதில்களில் இதுதான் கௌரவமானது. ஆனாலும் மணியோடு தேதியும் இடிக்கிறதே. அதற்கு "ஏறக்குறைய" உதவாது.

சாந்தோம்வாசி:
ஆமாம், உண்மையான முடிச்சு தேதியில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது வெள்ளிக்கிழமை. மாற்கு 14:12-ல் பஸ்கா ஆட்டைப் பலியிடும் நாளில் சீஷர்கள் பந்தி ஆயத்தம் செய்கிறார்கள், அன்று இரவு பஸ்கா விருந்து, மறுநாள் சிலுவை. யூதருக்கு நாள் சூரியன் அடைந்ததும் தொடங்குவதால் சிலுவை நிசான் மாதம் 15. யோவானில் 13:1 "பஸ்கா பண்டிகைக்கு முன்னே". 18:28-ல் தீட்டுப்படாமல் பஸ்காவைப் புசிக்கவேண்டும் என்று அவர்கள் அரமனைக்குள் போகாமல் நிற்கிறார்கள், அதாவது இன்னும் புசிக்கவில்லை. 19:14-ல் "பஸ்காவுக்கு ஆயத்தநாள்". சிலுவை நிசான் 14.

நிசான் 14 பிற்பகல் தேவாலயத்தில் என்ன நடந்தது? யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பெசாகிம் 5:1 நேரத்தையே தருகிறது. சாதாரண நாளில் மாலைப் பலி எட்டரை மணிக்கு அறுக்கப்படும். பஸ்காவுக்கு முந்தின நாளில் ஏழரைக்கு. அந்த நாள் வெள்ளிக்கிழமையாக வந்தால் ஆறரைக்கே. அதன் பின் பஸ்கா ஆடுகள். யோவானின் கணக்கில் அந்த ஆண்டு வெள்ளிதான். ஆக, ஆறாம் மணிக்குப் பிலாத்து அவரை ஒப்புக்கொடுக்கிறான், ஆறரைக்குத் தேவாலயத்தில் கத்தி எடுக்கிறார்கள். முதல் அதிகாரத்தில் "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று ஆரம்பித்தவர் (1:29) கதையை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார், பாருங்கள்.

கோலும் சகோவின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். ஆறு என்ற எண்ணில் ஒன்றும் இல்லை. "ஆறு மனுஷனுடைய இலக்கம், குறைபாட்டின் இலக்கம்" என்று போனால் தொலைந்தோம். அந்த மணிக்கு அன்று தேவாலயத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

கோலும்_தடியும்:
மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது அல்லவா? தேவாலயம் இடிந்தது 70-ல். அந்த ஆறரை மணியை எவ்வளவு நம்பலாம்?

ஓரக்குறிப்பு:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். தேவாலயம் நின்ற காலத்தில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசிபஸ்) வேறு நேரம் தருகிறார்: யூதப் போர் வரலாறு ஆறாம் புத்தகத்தில் பஸ்கா ஆடுகளை ஒன்பதாம் மணியிலிருந்து பதினோராம் மணி வரை அறுப்பதாக எழுதுகிறார். வெள்ளிக்கிழமை விதிவிலக்கை அவர் பேசவில்லை. ஆகவே "துல்லியமாக அதே நிமிஷம்" என்று பிரசங்கிக்க வேண்டாம். "அன்று பிற்பகல்" என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

வேடிக்கை என்னவென்றால் யோசேப்பின் ஒன்பதாம் மணி மாற்கில் இயேசு உயிர்விடும் நேரத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் மாற்கில் ஆடு அறுத்தது முந்தின நாள்!

சாந்தோம்வாசி:
ஒத்துக்கொள்கிறேன். நேரத்தை மட்டும் வைத்துக் கட்டினால் ஆட்டம் காணும். அதனால்தான் ஒரே தடயத்தை நம்பாமல் ஆசிரியர் அதே பொருளை வேறு எங்கே வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஈசோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 15:36-ல் காடியில் தோய்த்த கடற்காளானை "ஒரு கோலில்" மாட்டிக் கொடுக்கிறான். யோவான் 19:29-ல் அது ஈசோப்புத்தண்டு. ஈசோப்பு துளசிச் செடி மாதிரி ஒரு குத்துச்செடி. நனைந்த கடற்காளானின் பாரத்தை அதன் தண்டு தாங்குமா என்பதே சந்தேகம். ஒரு பிற்காலக் கையெழுத்துப்படியில் "ஈட்டியில்" என்று இருக்கிறது; கிரேக்கத்தில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். பொருந்தாததைப் பொருந்தவைக்கும் முயற்சிதான் அதுவும். யாத்திராகமம் 12:22-ஐத் திறந்தால் புரிந்துவிடும்: பஸ்கா ஆட்டின் இரத்தத்தை நிலைக்கால்களில் தெளிக்க ஈசோப்புக் கொழுந்துகளின் கொத்து. நடைமுறைக்குப் பொருந்தாத ஒரு பொருள், ஆனால் பழைய ஏற்பாட்டில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த அடையாளத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

திதிமு:
எல்லாம் அழகாக இருக்கிறது. நேராகக் கேட்கிறேன். அடையாளத்துக்காக யோவான் தேதியை மாற்றினாரா, இல்லையா? மாற்றினார் என்றால் அது வரலாறு இல்லை. மாற்றவில்லை என்றால் மாற்கு தவறு. ஞான அர்த்தம் என்ற பேச்சு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதற்கான பாலமாகத்தான் எனக்குத் தெரிகிறது.

சாந்தோம்வாசி:
தாண்டிப் போகவில்லை, இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. மூன்றாம் நூற்றாண்டு வேத விளக்கக்காரர் ஓரிகன், யோவான் விளக்கவுரையின் பத்தாம் புத்தகத்தில். அவர் எடுத்தது தேவாலயச் சுத்திகரிப்பு: யோவானில் ஊழியத் தொடக்கத்தில் (2:13-22), மற்ற மூவரிலும் கடைசி வாரத்தில். இவற்றை எழுத்தின்படி இசைக்க முடியாது என்று ஒத்துக்கொள்கிறார். சுவிசேஷகர்கள் பல இடங்களில் ஆவிக்குரிய உண்மையை, சரீரப்பிரகாரமாகப் பார்த்தால் பொய் என்று சொல்லத்தக்க வடிவத்துக்குள் காத்துவைத்தார்கள் என்ற அளவுக்குப் போகிறார். பிறகு அந்தக் காட்சியை ஆத்துமாவாகப் படிக்கிறார்: மாடுகள் பூமிக்குரியவை, ஆடுகள் புத்தியற்றவை, புறாக்கள் நிலையில்லாத வெறும் எண்ணங்கள், சில்லறைக்காசு நல்லவை என்று மயங்கவைப்பவை. இயேசு ஆத்துமாவாகிய தேவாலயத்திலிருந்து இவற்றைத் துரத்துகிறார்.

"ஆதிகாரணங்கள்" நான்காம் புத்தகத்தில் கொள்கையாகவே வைக்கிறார்: எழுத்தோடு நின்றுவிடாதபடி வேதத்தில் இடறுகற்களையும் நடக்கமுடியாதவற்றையும் தேவனே வைத்திருக்கிறார். சூரியன் உண்டாகுமுன் எப்படி மூன்று நாள்? எந்த மலையில் ஏறினால் பெர்சியர், இந்தியர் ராஜ்யமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்? (நம்மையும் விடவில்லை மனுஷன்.) ஆனால் அதே புத்தகத்தில், சரித்திரமாக உண்மையான பகுதிகளே மிகமிக அதிகம் என்றும் எழுதியிருக்கிறார். ஓரிகனை மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக விட்டுவிடும் வரி அதுதான்.

பெரோயா_17:
இதில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு. பழைய சபை முழுவதும் ஓரிகன் பின்னால் போகவில்லை. வம்சவரலாற்றை எடுங்கள். மத்தேயுவில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு, லூக்காவில் ஏலி. இரண்டு பட்டியலிலும் ராஜவம்சப் பேரும் ஆசாரியப் பேரும் கலந்திருப்பது கிறிஸ்து ராஜாவும் ஆசாரியருமானவர் என்று காட்டத்தான் என்று சிலர் அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். ஓரிகனின் சமகாலத்தவர் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் அரிஸ்தீதேஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கண்டிக்கிறார். கிறிஸ்துவின் மகிமைக்காகப் பொய்ப் பட்டியல் தயாரிக்க வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி.

அவர் பதில் உபாகமம் 25-ன் சட்டம். பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியை அவன் சகோதரன் சேர்ந்து, செத்தவன் பேருக்குச் சந்ததி எழுப்புவது. எஸ்தா என்ற பெண்ணுக்குச் சாலொமோன் வழியில் வந்த மாத்தான் மூலம் யாக்கோபு பிறந்தான். மாத்தான் செத்த பிறகு நாத்தான் வழியில் வந்த மெல்கி மூலம் ஏலி பிறந்தான். ஏலி பிள்ளையில்லாமல் செத்தான். யாக்கோபு தம்பி மனைவியைச் சேர்ந்து யோசேப்பைப் பெற்றான். மாம்சத்தின்படி யாக்கோபின் மகன், நியாயப்பிரமாணத்தின்படி ஏலியின் மகன். யூசேபியு இந்தக் கடிதத்தைச் சபை வரலாறு முதல் புத்தகத்தில் பத்திரப்படுத்தினார். அடையாளம் பேசுமுன் இப்படி ஒருமுறை எழுத்தின்படி முயன்று பார்க்க வேண்டாமா?

ஓரக்குறிப்பு:
முயற்சி நல்லதுதான். ஓட்டையும் தெரிய வேண்டும். நம் கையிலுள்ள லூக்கா 3:24-ல் ஏலிக்கும் மெல்கிக்கும் நடுவே மாத்தாத்து, லேவி என்று இரண்டு பேர். ஆப்பிரிக்கானுஸ் மெல்கியையே ஏலியின் தகப்பன் ஆக்குகிறார். அவர் படித்த பிரதியில் அந்த இருவரும் இல்லை போலிருக்கிறது. அதோடு, யாக்கோபும் ஏலியும் தாய்வழிச் சகோதரர் மட்டுமே. செத்தவனின் குடும்பப் பேர் அழியாமல் காப்பதற்கு வந்த சட்டம் வேறு தகப்பனுக்குப் பிறந்தவனுக்குச் செல்லுமா என்பது தனி வழக்கு.

அடையாளத்தை மத்தேயுவே சொல்லிவிடுகிறார், நாம் தேட வேண்டியதில்லை: 1:17-ல் பதினான்கு, பதினான்கு, பதினான்கு. எபிரெய எழுத்தில் தாவீது என்றால் தாலெத் 4, வாவ் 6, தாலெத் 4, கூட்டினால் 14. இந்தப் பதினான்குக்காக 1:8-ல் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களை விட்டிருக்கிறார். மூன்றாம் கூறில் எண்ணினால் பதின்மூன்றுதான் வருகிறது, விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். "பிறப்புச் சான்றிதழ்" என்று படித்தால் பிழை. "தாவீதின் குமாரன்" என்று மூன்று முறை அடிக்கும் முரசு என்று படித்தால் நேராகிவிடும்.

திதிமு:
பதின்மூன்றுக்குமா முரசு?

ஓரக்குறிப்பு:
:) அதற்குப் பழைய சபைப் பிதா அகுஸ்தீன் பதில் வைத்திருக்கிறார், ராஜா எகொனியாவை இரண்டு தடவை எண்ண வேண்டும் என்று. பாபிலோனுக்குப் போகிற இடத்தில் வரிசை திரும்புகிறது, மூலைக்கல் மாதிரி, அதனால் இரட்டை எண்ணிக்கை. எனக்கு இது கணக்குக்குப் பின்னால் ஓடும் விளக்கமாகத்தான் படுகிறது.

சாந்தோம்வாசி:
அகுஸ்தீனிடம் வல்லமையும் உண்டு, வழுக்கலும் உண்டு. "சுவிசேஷகர்களின் இசைவு" கி.பி. 400 வாக்கில் எழுதியது, இந்தத் தொழிலுக்கே அடிப்படை நூல். அதில் மூன்றாம் மணிக்கு அவர் தரும் பதில்: மூன்றாம் மணியில் "சிலுவையில் அறையும்" என்று கத்தி யூதர்கள் நாவினால் அறைந்தார்கள், ஆறாம் மணியில் சேவகர்கள் கையால் அறைந்தார்கள். முரண் தீர்ந்துவிட்டது, பழி ஒரு ஜனத்தின் தலையில் ஏறிவிட்டது. அந்தப் பழி பிந்திய நூற்றாண்டுகளில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1965-ல் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை வெளிப்படையாக மறுத்தது. அடையாள விளக்கம் யார் மேல் போய் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று எண். யோவான் 2:20-ல் தேவாலயம் கட்ட நாற்பத்தாறு வருஷம். கிரேக்கத்தில் ஆதாம் என்று எழுதினால் 1, 4, 1, 40, கூட்டினால் 46. ஆதாமிலிருந்து வந்த சரீரமே இடிக்கப்பட்டு மூன்று நாளில் எழும்பும் ஆலயம் என்கிறார். கேட்க இனிக்கிறது. ஆனால் யோவான் ஆதாமைப் பேரிட்டு எங்குமே சொல்வதில்லை. ஏரோது வேலையைத் தொடங்கியது கி.மு. 20-19 வாக்கில். அதிலிருந்து 46 எண்ணினால் கி.பி. 27-28-ல் வந்து நிற்கிறோம். அகுஸ்தீன் அடையாளமாகப் படித்த எண்ணைத்தான் இன்று காலவரிசைக்கு ஆணியாக அடிக்கிறார்கள்.

ஒரு தடவை அவர் லூக்காவின் நாத்தானைத் தாவீதைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தான் என்று எடுத்துக்கொண்டு, லூக்காவின் பட்டியல் பாவநிவிர்த்தியைக் காட்டுகிறது என்று அதன் மேல் அர்த்தம் கட்டினார். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். வயதான காலத்தில் "திருத்தங்கள்" நூலில் தானே திருத்தினார். எழுத்தின் தகவல் தப்பானால் அதன் மேல் எழுப்பின மாடி என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும்.

எலிம்_வாசல்:
தடி விஷயத்துக்கு யாரும் வரவில்லையே? இழை ஆரம்பித்தவர் பேரிலேயே தடி இருக்கிறது.

பெரோயா_17:
வருகிறேன். மத்தேயு 10:10 "தடியையாவது தேடிவைக்கவேண்டாம்". மாற்கு 6:8 "ஒரு தடியைமாத்திரம்" எடுத்துக்கொண்டு போகலாம். தமிழில் மட்டும் படித்தால் சிக்கல் தானாகத் தீர்கிற மாதிரி தோன்றும்: புதிதாகத் தேடி வாங்க வேண்டாம், கையில் இருப்பதை எடுத்துப் போங்கள். கிரேக்கத்திலும் மத்தேயுவின் வினை "சம்பாதி" என்ற பொருள்தான். ஆனால் லூக்கா 9:3 இந்தத் தீர்வைக் கவிழ்த்துவிடும். அங்கே வினை மாற்குவின் அதே "எடுத்துக்கொண்டு போ". ஆனாலும் தடி கூடாது. மத்தேயு, மாற்கு இரண்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு மூன்றாவதைத் திறக்காமல் முடிப்பதுதான் இசைவு விளக்கங்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

அகுஸ்தீன் இங்கே ஒரே சொல்லை இரண்டாகப் பிரித்தார்: கூடாது என்ற தடி மரத்தடி, எடு என்ற தடி ஊழியத்தின் அதிகாரம். ஒரே பேச்சில், ஒரே பட்டியலில், பைக்கும் அப்பத்துக்கும் நேர்ப்பொருள், தடிக்கு மட்டும் ஞான அர்த்தமா? எனக்கு ஏறவில்லை.

சாந்தோம்வாசி:
எனக்கும் ஏறவில்லை. ஆனால் மாற்குவில் அடையாளம் இருக்கிறது, சொல்லில் அல்ல, பட்டியலில். தடி உண்டு, பாதரட்சை உண்டு (6:9), கச்சை உண்டு. யாத்திராகமம் 12:11: அரைகளில் கச்சை கட்டி, கால்களில் பாதரட்சை தொடுத்து, கையில் தடி பிடித்துக்கொண்டு பஸ்காவைத் தீவிரமாய்ப் புசியுங்கள். மாற்குவின் பன்னிருவர் எகிப்தைவிட்டுப் புறப்படும் ஜனம்போல உடுத்திப் போகிறார்கள். அப்பம் வழியில் தேவன் தருவார். மத்தேயுவும் லூக்காவும் அடியோடு வெறுங்கையாகப் போவதைக் காட்டுகிறார்கள். இரண்டு படம். ஆனால் "அப்படியானால் இயேசு அன்று உண்மையில் என்ன சொன்னார்?" என்று திதிமு கேட்டால் இந்த அடையாளத்திடம் பதில் கிடையாது.

திதிமு:
கேட்கத்தான் போனேன், நீங்களே முந்திக்கொண்டீர்கள்.

கோலும்_தடியும்:
அப்படியானால் எந்த இடத்தில் ஞான அர்த்தம் தேடவே கூடாது? நாளாகமம்?

ஓரக்குறிப்பு:
2 இராஜாக்கள் 8:26-ல் அகசியா ராஜாவாகும்போது வயது 22. 2 நாளாகமம் 22:2-ல் 42. அவன் தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி எட்டு வருஷம் ஆண்டு செத்தான் (21:20), ஆக 40. தகப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன்! பழைய சீரியாக் மொழிபெயர்ப்பில் நாளாகமத்திலும் 22. எழுதினவர் கைத்தவறு, அவ்வளவுதான். இங்கே உட்கார்ந்து 42-க்கு அர்த்தம் தேடுவது நேர விரயம்.

2 சாமுவேல் 24:13 ஏழு வருஷம் பஞ்சம், 1 நாளாகமம் 21:12 மூன்று வருஷம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாஜிந்தில் சாமுவேலிலும் மூன்றுதான். இதுவும் பிரதிச் சிக்கல். தாவீது வாங்கின அர்வனா களத்தின் விலை கொஞ்சம் வேறு ரகம். சாமுவேலில் களத்துக்கும் மாடுகளுக்கும் 50 வெள்ளிச் சேக்கல், நாளாகமத்தில் அந்த நிலத்துக்கு 600 பொன் சேக்கல். ராஷி போன்ற யூத விளக்கக்காரர்கள் பன்னிரண்டு கோத்திரத்துக்கும் தலா 50 என்று பெருக்கி 600 கொண்டுவந்தார்கள். பெருக்கல் சரி, பொன்னும் வெள்ளியும் இடிக்கிறது. ஆனாலும் நாளாகமக்காரருக்கு அது தேவாலயம் எழும்பப்போகிற இடம். எல்லாக் கோத்திரத்துக்கும் சொந்தமான இடமாக அதன் விலையை அவர் உயர்த்திக் காட்டுகிறார் என்ற திசையில் பெருக்கலுக்குக் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

முரணை அருகருகே வைத்துவிட்டுச் சிரிக்கிற இடமும் உண்டு. நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே, 26:5 கொடு. தொகுத்தவருக்குத் தெரியாமலா அடுத்தடுத்த வசனமாகப் போட்டார்?

பெரோயா_17:
நேர்ப்பொருளுக்காக வாதாடினேன் என்பதால் அந்தப் பக்கத்துக் கோளாறையும் நானே சொல்லிவிடுகிறேன். 1537-ல் ஒசியாண்டர் வெளியிட்ட சுவிசேஷ இசைவில் விவரம் சற்று மாறினாலே அது வேறு நிகழ்ச்சி என்று வைத்தார். இயேசு உயிரோடு எழுப்பின யவீருவின் மகள் ஒரு தடவைக்கு மேல் சாக வேண்டியதாயிற்று. தேவாலயச் சுத்திகரிப்பு இரண்டு முறை நடந்தது என்பது அகுஸ்தீனும் ஏற்ற பதில், நானும் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த மருந்தை எத்தனை வேளை கொடுப்பது என்று ஓர் அளவு வேண்டும். மத்தேயு 27:9-ல் சகரியாவின் முப்பது வெள்ளிக்காசு எரேமியா பேரில் வருவதைப் பற்றிக் கால்வின், அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியாது, அதற்காக அலட்டிக்கொள்ளவும் இல்லை என்று விட்டுவிட்டார்.

சாந்தோம்வாசி:
அந்த இடம் எனக்குப் பிடித்தது. சில பிரதிகளில் எரேமியா பேர் இல்லை என்று அகுஸ்தீனுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். பேர் இல்லாத பிரதிதான் திருத்தப்பட்டது, எவரும் வேண்டுமென்று தப்பைச் சேர்க்கமாட்டார் என்று யோசித்து அந்த வழியை மறுத்தார். தீர்க்கதரிசிகள் எல்லாரும் ஒரே ஆவியால் பேசினார்கள் என்பது அவர் பதில். வாசகர் வேறு திசையிலும் பார்க்கலாம்: சகரியா 11-ல் முப்பது வெள்ளியும் குயவனும் உண்டு, நிலம் வாங்குவது இல்லை. நிலம் வாங்குவது எரேமியா 32-ல், பதினேழு சேக்கலுக்கு. குயவன் வீடு எரேமியா 18, உடைந்த கலசமும் புதைக்கிற இடமும் 19. மத்தேயு இரண்டு தீர்க்கதரிசிகளை ஒரே நூலில் கோத்துப் பெரியவர் பேரைப் போட்டிருக்கிறார்.

திதிமு:
சரி, என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. நிசான் 14-ஆ, 15-ஆ?

சாந்தோம்வாசி:
வரலாற்றுக் கேள்வியாக, பலர் 14 பக்கம் சாய்கிறார்கள். பண்டிகையின் பெரிய நாளில் ஆலோசனைச் சங்கம் கூடி விசாரித்தது என்பது மாற்குவின் கணக்கில் விழுங்கக் கடினமான உருண்டை. 1957-ல் ஆனி ஜோபேர், சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் சூரிய நாட்காட்டியை வைத்துச் செவ்வாய் இரவு விருந்து என்றார். 2007 பெரிய வியாழன் மறையுரையில் பதினாறாம் பெனடிக்ட் கும்ரான் நாட்காட்டிப்படி, ஆடு இல்லாத பஸ்காவாக இயேசு கொண்டாடியிருக்கலாம் என்றார்.

ஆனால் கவனியுங்கள், இவை வரலாற்று வாதங்கள். ஈசோப்பையும் ஆட்டுக்குட்டியையும் காட்டி 14 என்று நான் நிரூபிக்க முடியாது. தாமஸ் அக்வினாஸ் முதல் பாகம் முதல் வினாவிலேயே கட்டிப்போட்டுவிட்டார்: வாதத்துக்கு எடுப்பது எழுத்தின் பொருள் மட்டுமே, அடையாளப் பொருளை வைத்து எதையும் நிரூபிக்கக் கூடாது. திருச்சபையின் மறைக்கல்வி 116-ம் எல்லாப் பொருளும் எழுத்தின் பொருள்மேல் நிற்க வேண்டும் என்கிறது. அடையாளம் காட்டுவது யோவான் ஏன் அந்த நாளை அவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்பதை. நாள் அதுதானா என்று அது சாட்சி சொல்லாது.

ஓரக்குறிப்பு:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யோவான் அடையாளக்காரர், மாற்கு கடிகாரக்காரர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாற்கு 13:35: வீட்டெஜமான் வருவது சாயங்காலத்திலோ, நடுராத்திரியிலோ, சேவல் கூவும் நேரத்திலோ, காலையிலோ தெரியாது. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் 14:17 சாயங்காலம், கெத்செமனேயில் தூங்குகிறார்கள், 14:72 சேவல், 15:1 அதிகாலை. பிறகு பகல்: மூன்றாம் மணி (15:25), ஆறாம் மணி (15:33), ஒன்பதாம் மணி (15:34), மறுபடி சாயங்காலம் (15:42). ஒரு முழு நாள் மும்மூன்று மணியாக அளந்து போடப்பட்டிருக்கிறது. "விழித்திருங்கள்" என்றவரின் கடைசி நாளை ஜாமம் ஜாமமாக எண்ணவைக்கிறார். ஆகவே மூன்றாம் மணியும் வெறும் கடிகாரம் இல்லை.

எலிம்_வாசல்:
இதை நான் எந்த ஆய்வு வேதாகமத்திலும் பார்த்ததில்லை. அப்படியானால் ரோமக் கணக்கு சொன்ன என்னைப் போல மாற்குவை அளவுகோலாக வைத்து யோவானை நீட்டிக் குறுக்குவதே தப்பான தொடக்கம்.

கோலும்_தடியும்:
குறிப்பை இப்படி மாற்றி எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "மாற்கு அந்த நாளை மும்மூன்று மணியாக, விழித்திருக்கும் காவலாக எழுதுகிறார். யோவான் பஸ்கா ஆடு அறுக்கப்படும் பிற்பகலுக்கு முன்னால் தீர்ப்பை நிறுத்துகிறார் (1:29, 18:28, 19:14, 19:29, 19:36). நாள் எது என்பது தனிக் கேள்வி, இரண்டு பக்கமும் வாதம் உண்டு." எலும்பு முறிக்காததற்கு யாத்திராகமம் 12:46 மட்டும் போட்டால் போதுமா?

ஓரக்குறிப்பு:
போதாது. 12:46 கட்டளை வடிவம்: "ஒரு எலும்பையும் முறிக்கக்கூடாது". எண்ணாகமம் 9:12-ம் அதே. யோவான் 19:36-ல் இருப்பது "ஒன்றும் முறிக்கப்படுவதில்லை". இது சங்கீதம் 34:20-ன் வினை, தமிழில்கூட அதே சொல். கிரேக்கத்திலும் அப்படியே. அங்கே பேசப்படுவது நீதிமான், ஆடு அல்ல. ஆட்டையும் நீதிமானையும் யோவான் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார். மூன்று வசனத்தையும் போடுங்கள்.